பழக்கப்பட்ட நாயும் பழகாத மனமும்

மழைக்காலத்தில் ஒரு நாள் ஸுப்ஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு வீடு திரும்பிய நம்மை, ஒரு தாயார் தம் மகனையும் அழைத்துக்கொண்டு வந்து வாசலில் எதிர்பார்த்து நின்றார்.

"ஆலிம்சா, சட்டியைக் கழுவினாப் போதுமா, உடைச்சுத்தான் போடணுமா?" என்று கேட்டார்.

நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. அவருடைய மகன், புன்னக்காயலில் உள்ள தன் நண்பன் மூலம் கன்னி இனத்து நாய் ஒன்றையும் அதன் குட்டி ஒன்றையும் வாங்கி வந்து வளர்க்கின்றான். அன்று விடியுமுன் பெரிய நாய் எங்கோ ஓடி, ஒரு முயலைக் கவ்விக்கொண்டு வீட்டுக் கொல்லையில் போட்டிருக்கின்றது. பையன் அதை உரித்துக் கொடுக்க, தாயாரும் சமைத்துவிட்டார். சட்டியை இறக்கும் நேரத்தில் மாமியார் எழுந்து வந்து, "நாய் வாய் வெச்ச கறியை எந்தக் கிதாபுல தின்னச் சொல்லியிருக்கு?" என்று கேட்டிருக்கின்றார். யாரும் தொடவில்லை. சட்டி மூடியபடியே இருக்கின்றது.

நாம் பையனிடம் மூன்று கேள்விகள் கேட்டோம். நாயை நீ ஏவினாயா? அது முயலைத் தின்றதா? நீ போய்ப் பார்த்தபோது முயலுக்கு உயிர் இருந்ததா? அவன் சொன்ன விடைகள்: ஏவவில்லை, தானாகவே ஓடிற்று. ஒரு தொடையைக் கடித்துத் தின்றிருந்தது. உயிர் இல்லை.

முயலுக்கு உயிர் இல்லாத நிலையில், அக்கறி ஆகாது என்று சொல்ல மற்ற இரண்டு விடைகளுள் ஒன்றே போதும்; இங்கே இரண்டும் சேர்ந்துவிட்டன. கறியைப் புதைத்துவிடுமாறும், சட்டியை உடைக்கத் தேவையில்லை, ஏழு முறை கழுவி அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவினால் ஷாஃபிஈ மத்ஹபின்படி சுத்தமாகிவிடும் என்றும் சொல்லியனுப்பினோம். தாயார் நிம்மதியுடன் போய்விட்டார். பையன் மட்டும் நின்றுகொண்டிருந்தான்.

"அப்படின்னா எப்படிப் பிடிச்சா ஆகும் ஆலிம்சா?"

இந்தக் கேள்விக்கு நாம் சொன்ன விடையும், அந்த விடையில் நாம் விட்ட பிழையும் சேர்ந்ததே இந்தப் பாடம்.

திருமறை காட்டும் வழி

மாயிதா அத்தியாயத்தின் 4-வது வசனத்தில் அல்லாஹுத் தஆலா, நல்ல பொருள்கள் அனைத்தும் உங்களுக்கு ஆகுமாக்கப்பட்டுள்ளன என்று அறிவித்துவிட்டு, தான் மனிதனுக்குக் கற்பித்த அறிவிலிருந்து மனிதன் கற்றுக்கொடுத்துப் பழக்கிய வேட்டைப் பிராணிகள் அவனுக்காகப் பிடித்துக் கொடுப்பதை உண்ணலாம் என்றும், அதன் மீது அல்லாஹ்வின் பெயரைக் கூற வேண்டும் என்றும் அறிவுறுத்துகின்றான்.

இவ்வசனத்தில் கல்வியின் மதிப்பு எவ்வளவு உயர்த்திக் காட்டப்படுகின்றது என்பதைக் கவனியுங்கள். இரண்டு நாய்கள் ஒரே மாதிரிப் பல்லால் ஒரே மாதிரி முயலைக் கொல்கின்றன. கல்லாத நாய் கொன்றது செத்த பிணம். கற்ற நாய் கொன்றது ஹலாலான உணவு. மிருகத்துக்கே கல்வி இவ்வளவு பெரிய வேற்றுமையைக் கொடுக்குமானால், மனிதனுக்குக் கொடுப்பது எவ்வளவாக இருக்கும்!

தய்யி குலத்தின் தலைவரும், கொடைக்குப் பெயர் பெற்ற ஹாத்திமின் மகனாருமாகிய அதிய்யிப்னு ஹாத்திம் (ரலி) அவர்கள் நாய் வேட்டையைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டுப் பெற்ற விளக்கம் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு ஹதீஸ் நூல்களிலும் பதிவாகியுள்ளது. அதன் கருத்து இதுதான்: பழக்கிய நாயை அல்லாஹ்வின் பெயர் கூறி ஏவினால், அது பிடித்து வைப்பதை உண்ணலாம். நாய் அதிலிருந்து தின்றுவிட்டால் உண்ணலாகாது. ஏனெனில் அது தனக்காகவே பிடித்திருக்கின்றது. வேறொரு நாயும் அதனுடன் சேர்ந்துகொண்டு, எது கொன்றது என்று தெரியாமற் போனாலும் உண்ணலாகாது. ஏனெனில் பிஸ்மி கூறப்பட்டது தன் நாயின் மீதுதானே தவிர மற்ற நாயின் மீது அல்ல. பிராணி உயிருடன் கைக்குக் கிடைத்தால் அதை அறுத்தாக வேண்டும்.

முயலைப் பற்றித் தனியாகவும் ஒரு செய்தி உண்டு. மக்காவை அடுத்த மர்ருள் ளஹ்ரான் என்னுமிடத்தில் ஒரு முயல் கிளம்ப, மக்கள் துரத்திக் களைத்துப்போனார்கள். சிறு வயதினரான அனஸ் (ரலி) அவர்கள் அதைப் பிடித்து அபூதல்ஹா (ரலி) அவர்களிடம் கொண்டு வந்தார்கள். அவர்கள் அறுத்து, அதன் தொடைக்கறியை நாயகம் (ஸல்) அவர்களுக்கு அனுப்பி வைத்தார்கள், நாயகமவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே முயற்கறி ஹலால் என்பதில் நான்கு மத்ஹபு இமாம்களிடத்திலும் வேற்றுமை இல்லை.

எந்த நாய் 'பழகிய நாய்'?

இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தங்கள் மின்ஹாஜ் நூலில் தரும் நிபந்தனைகளை எளிய தமிழில் சொல்கின்றோம்.

ஒன்று: ஏவினால் போக வேண்டும். இரண்டு: நிறுத்தினால் நிற்க வேண்டும், ஓட்டத்தின் வேகத்தில் இருக்கும்போதும் எஜமானின் குரலுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று உரையாசிரியர்கள் விளக்குகின்றார்கள். மூன்று: பிடித்ததை விட்டுவிடாமல் எஜமானுக்காக வைத்திருக்க வேண்டும். நான்கு: அதிலிருந்து தின்னக்கூடாது. இவை ஒரு தடவை நடந்தால் போதாது. நாய் பழகிவிட்டது என்ற நம்பிக்கை உறுதிப்படும் அளவுக்குத் திரும்பத் திரும்ப நடக்க வேண்டும். ஹனஃபீ மத்ஹபில், மூன்று முறை தின்னாமல் விடுவதை அடையாளமாகக் கொள்வது இமாம் அபூயூஸுஃப், இமாம் முஹம்மத் (ரஹ்) ஆகியோரின் சொல். மாலிக்கி மத்ஹபில் நாய் தின்றுவிட்டாலும் குற்றமில்லை என்ற கருத்து உண்டு. அதற்கும் ஒரு ஹதீஸின் ஆதாரம் இருக்கின்றது. எனினும் நம் பகுதி மக்கள் பின்பற்றும் இரு மத்ஹபுகளிலும் தின்றது ஆகாது.

பழகிய நாய் ஒரு நாள் தவறித் தின்றுவிட்டால் என்ன? அந்த வேட்டை ஆகாது. நாய்க்கு மறுபடியும் முதலிலிருந்து பயிற்சி கொடுக்க வேண்டும். இரத்தத்தை மட்டும் நக்கியிருந்தால் அதனால் கெடுதி இல்லை.

நாய் தானாக ஓடிக் கொன்றால் ஆகாது. பாதி ஓட்டத்தில் எஜமான் கூவி விரட்டி, அது வேகத்தைக் கூட்டியிருந்தாலும் ஆகாது என்பதே பலமான சொல். ஏவும்போது பிஸ்மி கூறுவது ஷாஃபிஈ மத்ஹபில் சுன்னத்து. ஹனஃபீ மத்ஹபில் கட்டாயம், வேண்டுமென்றே விட்டால் கறி ஹராமாகிவிடும். நாயின் பல் பட்ட இடம் நஜீஸ் ஆகையால் அதையும் ஏழு முறை, ஒரு முறை மண் சேர்த்துக் கழுவ வேண்டும். அந்த இடத்தை அறுத்தெறிய வேண்டியதில்லை.

பயிற்சிக் காலத்தில் குட்டி நாய் பிடிப்பதன் சட்டம் என்ன? அபூதஃலபா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸின்படி, பழகாத நாய் பிடித்தது உயிருடன் கிடைத்து, நாம் அறுத்தால் மட்டுமே ஆகும்.

இன்னொன்றையும் நம் வீடுகளில் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வேட்டை, ஆடு மாடு, விவசாயம் ஆகிய தேவைகளின்றி நாய் வளர்ப்பவரின் நன்மை நாள்தோறும் குறைகின்றது என்று ஹதீஸில் எச்சரிக்கை வந்துள்ளது. இத்தேவைகளுக்காகப் பழக்கும் எண்ணத்துடன் குட்டியை வளர்ப்பது கூடும் என்று நம் இமாம்கள் சொல்லியிருக்கின்றார்கள்.

புன்னக்காயலில் கற்றது

கிதாபில் 'நாய் பழக வேண்டும்' என்று படித்தவர்கள் நாம். எப்படிப் பழக்குவது என்பதைக் கண்ணால் கண்டதில்லை. பையன் வற்புறுத்தியதால் ஒரு நாள் அவனுடன் புன்னக்காயலுக்குப் போனோம்.

பொதிகையில் பிறந்து வரும் தாமிரபரணி கடலோடு கலக்கும் இடம் அது. 1986-ல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும் வரை திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்திருந்தது. கடலோடு பிழைக்கும் கிறிஸ்தவ மக்களின் ஊர். பையனின் நண்பனுடைய தாத்தா, இளமையில் ஆற்றங்கரை உடைமரக் காடுகளிலும் தேரிக்காட்டிலும் நாயோடு திரிந்தவர். நம்மைத் திண்ணையில் உட்கார வைத்து, "இது கண்ணால ஓடுற சாதி ஐயா. முயல் கண்ணுல பட்டா அம்பு மாதிரிப் போகும். மூக்கால தடம் பிடிக்கணும்னா இதுக்குப் பொறுமையாத்தான் சொல்லிக் கொடுக்கணும்" என்றார்.

கோவில்பட்டி, கழுகுமலைப் பக்கத்துக் கன்னியும், சிப்பிப்பாறை என்ற ஊரின் பெயரைத் தாங்கிய நாயும் இந்த வகையைச் சேர்ந்தவை. ஒடுங்கிய வயிறும் நீண்ட காலும் உடையவை. 2005-ல் இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்ட இராஜபாளையம் நாயும் நம் தென்சீமையின் பழைய வேட்டை நாய்தான்.

பெரியவர் பழக்கிய விதம் இது. ஓர் ஆட்டுத்தோல் துண்டைக் கயிற்றில் கட்டித் தரையோடு இருபது முப்பது அடி இழுத்துச் சென்று புதர் மறைவில் வைத்தார். குட்டியை நீண்ட கயிற்றில் பிடித்து, இழுத்த தடத்தின் தொடக்கத்தில் அதன் மூக்கைக் காட்டினார். முதல் நாட்களில் தடம் நேராக இருந்தது. பிறகு வளைவு வைத்தார். பிறகு இழுத்துவிட்டு அரை மணி நேரம் கழித்துக் குட்டியை விட்டார். பனி ஈரம் உள்ள காலையில் மணம் தரையில் தங்கும், வெயில் ஏறிய மணலில் தங்காது என்பதால் விடியற்காலையைத் தேர்ந்துகொண்டார்.

முயலின் தந்திரத்தையும் விளக்கினார். நம் நாட்டு முயல் வளை தோண்டுவதில்லை. பகலில் புல் மறைவில் பதுங்கிக் கிடந்து இரவில் மேய்கின்றது. ஓடும்போது பின்னங்காலின் பெரிய தடம் முன்னங்காலின் சிறிய தடத்துக்கு முன்னால் விழும். இது தெரியாதவன் எதிர்த் திசையில் போய்விடுவான். படுக்குமுன் வந்த வழியே சற்றுத் திரும்பிப் போய், பக்கவாட்டில் ஒரே தாவாகத் தாவிவிடும். தடம் திடீரென்று அறுந்துபோகும். அங்கே குட்டி தடுமாறும்போது மனிதன் அவசரப்பட்டுக் கத்தக்கூடாது. அசையாமல் நின்றால் குட்டி தானே வட்டமிட்டுத் தடத்தைக் கண்டுபிடிக்கும் என்றார். அதற்காகத் தோலை இழுக்கும்போதே நடுவில் தூக்கி, நாலடி தள்ளி வைத்து மறுபடி இழுத்தார்.

தோலைக் கண்டுபிடித்ததும் அதைக் கடிக்க விடவில்லை. தன் கையிலிருந்தே ஒரு துண்டு தின்னக் கொடுத்தார். "பிடிச்சதுல பங்கு இல்லை, என் கையிலதான் பங்குன்னு அதுக்குத் தெரியணும்" என்றார். எஜமானுக்காகப் பிடிப்பது, தனக்காகப் பிடிப்பது என்று ஹதீஸில் படித்த வேற்றுமை நம் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது!

உயிருள்ள முயலைக் கட்டிவைத்துக் குட்டிகளைக் கடிக்க விட்டுப் பழக்குவோரும் உண்டு என்று பையன் சொன்னான். பெரியவர் தலையை ஆட்டி மறுத்தார். நம் மார்க்கத்திலும் அது பாவம். உயிருள்ளதை இலக்காக்கிக் கொடுமை செய்பவரை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்திருக்கின்றார்கள். தாகித்த நாய்க்குத் தண்ணீர் புகட்டியவருக்கு மன்னிப்புக் கிடைத்ததும் நாமறிந்ததே. குட்டியை அடித்துப் பழக்குவதும் தகாது.

விடைபெறும்போது நாம், "அண்ணாச்சி, நாய்க்குக் கற்றுக்கொடுப்பதில் எது கஷ்டம்?" என்று கேட்டோம்.

"போன்னா எந்த நாயும் போகும் ஐயா. முன்னால முயல் ஓடும்போது வான்னா வருதா, அதான் பழகின நாய்."

நாம் விட்ட பிழை

இரண்டு மாதம் கழிந்தது. ஒரு ஜும்ஆவுக்குப் பின் பையனின் வாப்பா நம்மைத் தனியே அழைத்தார்.

"ஆலிம்சா, எப்படிப் பிடிச்சாக் கறி ஆகும்னு எம்மவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருக்கீங்க. பிடிக்கப் போகலாமான்னு அவனும் கேக்கல, நீங்களும் சொல்லல. நாளை மறுநாள் தேரிக்காட்டுக்குப் போறானாம். ஆலிம்சாவே சொல்லிட்டாங்கன்னு கூட்டாளிகளையும் கூப்பிடுறான்."

நாம் வெட்கித் தலைகுனிந்தோம். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் முயல் இருக்கின்றது. ஆரம்பத்தில் சிறு பிராணிகளை உரிமச் சீட்டுப் பெற்று வேட்டையாட வழி இருந்தது. 1991-ல் செய்த திருத்தம் அந்த வாசலை அடைத்துவிட்டது. கொல்வது மட்டுமல்ல, பிடிப்பதும் துரத்துவதும் அதற்கு முயல்வதும்கூடச் சட்டத்தின் பார்வையில் வேட்டையே. சிறையும் அபராதமும் உண்டு. புன்னக்காயல் பெரியவர் நாயைக் காட்டுக்குக் கொண்டு போவதை எப்போதோ நிறுத்திவிட்டார். நமக்குத்தான் கிதாபுக்கு வெளியே பார்க்கத் தோன்றவில்லை.

"இது நாட்டுச் சட்டம்தானே, மார்க்கத்தில் ஹலால்தானே?" என்று சிலர் கேட்கலாம். மாயிதாவின் 4-வது வசனத்தைப் பையனுக்கு ஓதி விளக்கிய நாம், அதே அத்தியாயத்தின் முதல் வசனத்தை மறந்துவிட்டோம். முஃமின்களை அழைத்து, உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையுடன்தான் அவ்வத்தியாயமே தொடங்குகின்றது. இஹ்ராமில் இருக்கும்போது வேட்டை ஆகாது என்ற தடையும் அதே வசனத்தில் இருக்கின்றது. வேட்டையின் அனுமதியைப் படிக்குமுன் அதன் தடையைப் படிக்குமாறு இறைவனே வரிசைப்படுத்தித் தந்திருக்க, நாம் மூன்று வசனங்களைத் தாண்டிப் போனோம்.

ஒரு நாட்டில் பாதுகாப்புடன் வாழ்பவர், மார்க்கத்துக்கு முரணாகாத அதன் சட்டங்களுக்குக் கட்டுப்படுவதாக ஒப்புக்கொண்டே வாழ்கின்றார். முயல் வேட்டை கடமையன்று, சுன்னத்துமன்று. செய்யவும் விடவும் அனுமதிக்கப்பட்ட காரியம். பொது நன்மைக்காக அத்தகைய ஒன்றை விடச் சொன்னால் விடுவதால் மார்க்கத்தில் ஒரு குறையும் வராது. விடாமல் போய்ப் பிடிபட்டு, தன்னையும் பெற்றோரையும் இழிவுக்குள்ளாக்குவதுதான் குறை. தாங்க முடியாத சோதனையில் தானே போய் விழுந்து தன்னை இழிவுபடுத்திக்கொள்வது முஃமினுக்குத் தகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கின்றார்கள். வேட்டையின் பின்னாலேயே அலைபவன் கவனமற்றவனாகிவிடுவான் என்ற கருத்திலும் ஹதீஸ் வந்துள்ளது.

கறியின் சட்டம் வேறு, செயலின் சட்டம் வேறு என்பதை இங்கே புரிந்துகொள்ள வேண்டும். திருடிய கத்தியால் முறைப்படி அறுத்த ஆட்டின் கறி ஹலால்தான். கத்தியை எடுத்த குற்றம் நீங்கிவிடுமா? 'கறி ஆகும்' என்ற விடை, 'போகலாம்' என்ற அனுமதியாகாது. கேட்டவருக்கு இரண்டையும் சொல்வதே கற்றவரின் கடமை. ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டது நம் பிழை. அன்று மாலையே பையனின் வீட்டுக்குப் போய், அவன் கூட்டாளிகளையும் வைத்துக்கொண்டு, இதை ஒளிக்காமல் சொன்னோம்.

பையன் எதிர்வாதம் செய்யவில்லை. முகம் வாடிப்போய் இருந்தான். "அப்போ இவ்வளவு நாள் பழக்கினது வீணா ஆலிம்சா?" என்று மட்டும் கேட்டான். வீணில்லை, உங்கள் வீட்டு ஆடுகள் இருக்கின்றன. ஆட்டுக்குக் காவலாக நாய் வளர்ப்பது கூடும். ஆட்டுத்தோலில் பழகிய மூக்கு, தவறிப்போன ஆட்டைத் தேட உதவாமற் போகாது என்றோம்.

ஒரு மாதத்துக்குப் பின் ஒரு விடியற்காலையில் அவனே நம்மைத் தேடி வந்தான். முந்தின நாள் ஓர் ஆடு வீடு திரும்பவில்லையாம். குட்டியை அழைத்துக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கம் போயிருக்கின்றான். பத்தடி தூரத்தில் ஒரு முயல் கிளம்பியிருக்கின்றது. குட்டி பாய்ந்துவிட்டது. சுற்றிலும் பார்ப்பார் யாருமில்லை.

"கூப்பிடணும்னு எனக்கே மனசு வரல ஆலிம்சா. அப்புறம் 'வா'ன்னேன். நின்னுச்சு. திரும்பி வந்திட்டு."

ஆடும் கிடைத்துவிட்டது என்றான். நமக்கு அவன் சொன்ன முதல் செய்தியே போதுமானதாக இருந்தது. இஹ்ராமில் இருப்போரை, கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகளைக் கொண்டு வந்து சோதிப்பதாகவும், மறைவில் தன்னை அஞ்சுபவர் யாரென்று வெளிப்படுத்தவே அச்சோதனை என்றும் மாயிதாவின் 94-வது வசனத்தில் அல்லாஹ் அறிவிக்கின்றான். எட்டாத முயலை விட்டவருக்கு என்ன சிறப்பு? எட்டும் தூரத்தில் இருந்ததை, ஆளில்லாத இடத்தில் விட்டவருக்கல்லவா சிறப்பு!

அன்பான வாசகர்களே! நாயைப் பழக்கும் நிபந்தனைகளை இன்னொரு முறை எண்ணிப் பாருங்கள். ஏவினால் போவது, நிறுத்தினால் நிற்பது, கிடைத்ததை எஜமானுக்காக வைத்திருப்பது, தன் ஆசைக்காக அதில் வாய் வைக்காமல் இருப்பது. தொழ ஏவப்பட்டால் நாம் போகின்றோமா? ஹராமின் முன் நிறுத்தப்பட்டால் நிற்கின்றோமா? நம் கையில் ஒப்படைக்கப்பட்ட பிறர் பொருளில் வாய் வைக்காமல் இருக்கின்றோமா? நாய் ஒரு முறை தவறினால் முதலிலிருந்து பழக்க வேண்டும் என்கிறது ஃபிக்ஹு. நம் மனமும் தவறினால் தவ்பாச் செய்து முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். வேறு குறுக்கு வழி இல்லை.

ஏவினால் போகவும், தடுத்தால் நிற்கவும் பழகிய உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் நம் மக்களுக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.